முகூர்த்த மேக்கப்: கேமராவிலும் முகம் உங்கள் முகமாகவே இருக்க

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம் என்று ஒரே பெண் மூன்று பேராகத் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். நேரில் பார்த்தபோது யாருக்கும் அது உறுத்தியிருக்காது. மண்டபக் கூட்டம், நாதஸ்வரம், பட்டு, நகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் சமாளித்துக்கொள்ளும். கேமரா சமாளிக்காது.

இந்த வழிகாட்டியை முகூர்த்தத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். விடியற்காலை நேரம், ஹோமப் புகை, வியர்வை, ஃப்ளாஷ், வீடியோ லைட், அரக்குச் சிவப்புக் கூரைப்புடவை என்று கேமரா மேக்கப்புக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. இதில் தேறுகிற மேக்கப் வளைகாப்பிலும் ரீல்ஸிலும் ஆன்லைன் இன்டர்வியூவிலும் தானாகத் தேறிவிடும். பார்லரில் போட்டுக்கொள்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

கேமரா பார்க்கும் விதம்

கறுப்பு வெள்ளை சினிமாவின் ஆரம்ப காலத்தில் பயன்பட்ட ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்பு லிப்ஸ்டிக் திரையில் கறுப்பாக விழும். பிறகு எல்லா நிறத்தையும் உணரும் பாங்க்ரோமாட்டிக் ஃபிலிம் வந்தபோது, மாக்ஸ் ஃபாக்டர் 1928-இல் அதற்கென்றே தனி மேக்கப் கொண்டுவந்தார். கலர் படம் வந்ததும் பழைய க்ரீஸ் பெயின்ட் பளபளத்துக் காட்டிக்கொடுத்தது. அதற்கு மாற்றாக 1937-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்ததுதான் பான்கேக். ஆக, ஃபிலிம் மாறும்போதெல்லாம் மேக்கப்பும் மாறியே வந்திருக்கிறது. நம் நிறத்துக்கு இன்னொரு வம்பும் இருந்தது. போட்டோ லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிவந்த ஷெர்லி கார்டுகளில் பல வருடங்களுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். மாநிறமும் கறுப்பும் கணக்கிலேயே இல்லை.

இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனாலும் சில விஷயங்களில் அது கண்ணோடு ஒத்துப்போகாது. நேராக அடிக்கிற ஃப்ளாஷ் முகத்தின் மேடு பள்ளத்தை அழித்துத் தட்டையாக்கிவிடும். நேரில் மினுமினுப்பாகத் தெரிவது படத்தில் எண்ணெய் வழிவதாக விழும். ஆட்டோ மோடில் இருக்கிற கேமரா, காட்சி முழுவதையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை உட்கார்ந்தாலே பெண்ணின் முகம் இருண்டுவிடும். உடனே "மேக்கப் பத்தலை" என்பார்கள். அங்கே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவைச் சரிசெய்ய வேண்டியது போட்டோகிராஃபர். அதற்காக முகத்தில் இன்னொரு கோட் ஏற்றக்கூடாது.

மேக்கப்புக்கு முன்னால் லைட்

பெரும்பாலான மண்டபங்களில் மணமகள் அறை என்றால் கூரையில் ஒரு வெள்ளை டியூப்லைட், கண்ணாடிக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு. இரண்டும் பொய் சொல்லும். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். 6500 கெல்வின் டியூப்லைட் நீலம் கலந்தது. அதன் கீழே முகம் வெளிறித் தெரிவதால் கை தானாக பிளஷ்ஷை அள்ளும். 3000 கெல்வின் மஞ்சள் பல்போ திட்டு, சிவப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். மேடையில் பளிச்சென்ற எல்இடி லைட் விழும்போதுதான் உண்மை தெரியும்.

பகலாக இருந்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காருங்கள், போதும். முகூர்த்த மேக்கப் ஆரம்பிப்பது பெரும்பாலும் அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு; ஜன்னலில் இருட்டுதான் இருக்கும். அதனால் 5000 முதல் 5600 கெல்வினுக்குள் வரும் ஒரு எல்இடி லைட்டைக் கையோடு கொண்டு போங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை லைட் எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சிஆர்ஐ குறைந்த மலிவான லைட்டில் நம் சருமத்தின் சிவப்பும் பழுப்பும் சரியாகத் தெரியாது. லைட்டை முகத்துக்கு நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் இல்லாத கருவளையத்தையும் உண்டாக்கிக் காட்டும்.

போட்டோகிராஃபரிடம் முன்கூட்டியே ஒரு போன் செய்து, மேடையில் ஃப்ளாஷா, தொடர்ந்து எரியும் வீடியோ லைட்டா, இரண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பவுடர் முதல் ஹைலைட்டர் வரை பல முடிவுகள் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

ட்ரையல்

ட்ரையல் இல்லாமல் முகூர்த்தத்துக்கு உட்காராதீர்கள். கூரைப்புடவை நிறத்திலேயே ஒரு துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சிவப்புப் பட்டு தாடைக்கடியில் சிவப்பை வீசும். வீட்டு நைட்டியில் சரியாகத் தெரிந்த நிறம் பட்டோடு சேரும்போது வேறாகத் தெரியும்.

மேக்கப் முடிந்ததும் போனின் பின்பக்க கேமராவில், பியூட்டி மோடை அணைத்துவிட்டு மூன்று விதமாக எடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ. இருட்டு அறையில் ஃப்ளாஷோடு ஒரு போட்டோ. அறை லைட்டில் தலையை இரண்டு பக்கமும் திருப்பி, சிரித்து, பேசி ஒரு சின்ன வீடியோ. கையைக் கன்னத்தில் வைத்தபடி ஒரு படம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எல்லா போட்டோகிராஃபரும் அந்த போஸைக் கேட்பார்கள். செல்ஃபி வேண்டாம். கை நீளத் தூரத்தில் முன்பக்க கேமரா மூக்கைப் பெரிதாகவும் காதைச் சிறிதாகவும் காட்டும். ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும்.

புதிதாக வாங்கிய எதையும் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தடவிச் சோதியுங்கள். த்ரெட்டிங் இரண்டு மூன்று நாள் முன்னால், ஃபேஷியல் குறைந்தது ஒரு வாரம் முன்னால் முடியட்டும். பிளீச்சை நான் பரிந்துரைப்பதில்லை. எரிச்சல் வந்தால் அதன் மேல் எதுவும் உட்காராது. பக்கவாட்டு லைட்டில் வெளுத்த பூனைமுடி பொன்னாக மின்னுவது தனித் தொல்லை.

சருமத்தைத் தயார்செய்வது

தூக்கம் கெட்ட முகம் உப்பியிருக்கும். ஐஸ்கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, கண்ணடியிலும் கன்னத்திலும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஒத்துங்கள். துடைத்துவிட்டு ஜெல் வகை மாய்ஸ்சரைசர் மெல்லியதாக. நம் ஊர் வெக்கைக்கு கனமான க்ரீம் ஆகாது. அதற்காக மாய்ஸ்சரைசரையே விட்டுவிடாதீர்கள். வறண்ட தோலில் ஃபவுண்டேஷன் செதிலாக நிற்பதை 4கே வீடியோ அப்படியே காட்டும்.

ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். பிறகு ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் ப்ரைமர், அதுவும் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும். சிலிக்கோன் ப்ரைமர் மேல் தண்ணீர் சேர்ந்த ஃபவுண்டேஷன் போட்டால் சில சமயம் அழுக்குருண்டையாகத் திரளும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதை ட்ரையலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சூரியன் வருவதற்கு முன் முடிகிற முகூர்த்தத்துக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை. பகலில் வெளியே ஷூட் இருந்தால் வேண்டும். ஆனால் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு அதிகமுள்ளதைத் தவிருங்கள். இரண்டும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் தூள். ஃப்ளாஷ் அடித்தால் முகம் வெளுத்து விழும். எஸ்பிஎஃப் போட்ட ஃபவுண்டேஷன் பலவற்றிலும் இவை இருக்கும்.

கருமையைச் சமன்செய்வது

கருவளையத்தின் மேல் நேரடியாக வெளிர் கன்சீலர் போட்டால் அது சாம்பல் நிறமாகும். நம் தோலில் கண்ணடியிலும் வாயைச் சுற்றியும் இருக்கும் கருமையில் நீலமும் பழுப்பும் கலந்திருக்கும். அதை அடக்குவது ஆரஞ்சு கரெக்டர். மாநிறத்துக்குப் பீச் கலந்த ஆரஞ்சு, கறுப்புக்கு அடர் ஆரஞ்சு. கருமை இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுனியால் ஒத்தி ஒத்தி வையுங்கள். ஆரஞ்சு தனியாகத் தெரிந்தால் அளவு அதிகம். கருமை மறைந்து தோல் நிறமாக மாறியவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபவுண்டேஷன்: தகராறு எல்லாம் இங்கேதான்

இந்தக் கட்டத்தில் பெண்ணின் அம்மாவோ சித்தியோ கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பார். "ஏம்மா, இன்னும் கொஞ்சம் கலர் ஏத்திவிடேன். மாப்பிள்ளை நல்ல கலரு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெண் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை. ஆனால் இரண்டு ஷேடு ஏற்றினால் நேரில் பத்து நிமிடம் பளிச்சென்று இருக்கும். ஃப்ளாஷில் வெள்ளையடித்த சுவராகிவிடும். காது, கழுத்து, கை எல்லாம் காட்டிக்கொடுக்கும். வாதாடிப் பயனில்லை. ஒரு பக்கக் கன்னத்தில் அவர் கேட்ட ஷேடு, மறு பக்கம் உண்மையான ஷேடு வைத்து, ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துக் கையில் கொடுத்து, "அம்மா, நீங்களே பாருங்க, எந்தப் பக்கம் நம்ம பொண்ணு?" என்று கேட்டால் போதும். சரியான பக்கத்தைத்தான் காட்டுவார்கள்.

ஷேடு பார்க்கும் இடம் மணிக்கட்டு இல்லை, தாடை எலும்பு. அங்கிருந்து கழுத்துக்குக் கோடாக இழுங்கள். மூன்று ஷேடு பக்கத்தில் பக்கத்தில் இழுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பல ஃபவுண்டேஷன் காற்றும் தோலின் எண்ணெயும் பட்டுக் கொஞ்சம் அடர்ந்துவிடும். தேடாமல் எது காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. நம்மில் நிறையப் பேருக்கு நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். அதனால் முகத்தின் நடுவில் ஒன்று, ஓரத்தில் அரை ஷேடு அடர்ந்த ஒன்று என இரண்டைக் கலந்தால் ஒரே சாயம் அடித்த தட்டை முகம் வராது. நிறத்தைவிட அண்டர்டோன், அதாவது தோல் நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல் முக்கியம். மஞ்சள் அல்லது ஆலிவ் சாயல் உள்ள தோலில் இளஞ்சிவப்பு சாயல் ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் பூத்துவிடும்.

ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒத்துங்கள், இழுக்காதீர்கள். முதல் கோட் மெல்லியதாக இருக்கட்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் இரண்டாவது. காது மடல், காதின் பின்புறம், கழுத்து, பிளவுஸ் கழுத்துக்கு மேலே தெரியும் முதுகு வரை கொண்டு போங்கள். ஜடை அலங்காரத்தை எடுக்க போட்டோகிராஃபர் பின்னால் வருவார், மறக்க வேண்டாம். கண்ணடியில் கன்சீலர் அரை ஷேடு மட்டும் வெளிர். அதற்கு மேல் போனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.

"எச்டி மேக்கப்", "ஏர்பிரஷ் மேக்கப்" என்று தனித்தனி ரேட் சொல்வார்கள். எச்டி என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. மெல்லிய கோட்டில் நன்றாகக் கலந்து போட்டால் அதுவே எச்டி. ஏர்பிரஷ் உண்மையிலேயே மெல்லியதாகப் படியும். ஆனால் புகையில் கண்ணீர் வழிந்து கோடு விழுந்தால் விரலால் ஒத்திச் சரிசெய்வது கஷ்டம். முகூர்த்தத்துக்கு கையால் போடும் மேக்கப்பே என் தேர்வு. ரிசப்ஷனுக்கு ஏர்பிரஷ் போட்டுக்கொள்ளலாம்.

பவுடர்

சிலிக்கா அதிகமுள்ள வெள்ளை ஃபினிஷிங் பவுடர் அறை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஃப்ளாஷில் மூக்கின் இரு பக்கமும் கண்ணடியும் மாவு கொட்டியதாக விழும். சிவப்புக் கம்பளத்தில் நடந்த ஹாலிவுட் நடிகைகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். மாநிறத்துக்கு மஞ்சள் சாயல் பவுடர், அதாவது கடைகளில் பனானா பவுடர் என்று கேட்டால் கொடுப்பது, நன்றாகப் பொருந்தும். கறுப்புக்கு அதைவிட அடர்ந்த, ஆரஞ்சு சாயல் உள்ளது. பஃபில் எடுத்து, கையில் தட்டி உதறி, அழுத்தி வையுங்கள். நெற்றி, மூக்கு, மேலுதடு, தாடையில் மட்டும். கன்னத்தில் கொஞ்சம் உயிர் இருக்கட்டும். போட்டதும் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பிழை தெரிந்தால் இப்போதே துடைக்கலாம், மேடையில் முடியாது.

கண்ணும் புருவமும்

மினுமினுப்புத் தூள் கன்னத்தில் உதிரும் என்பதால் கண் மேக்கப்பை ஃபவுண்டேஷனுக்கு முன்பே முடிப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டுவிட வேண்டும்.

புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம். அடர் பழுப்பில், முடி முடியாகக் கோடு இழுத்து, உள்முனையை லேசாக விடுங்கள். ஐஷேடோவில் இமை மடிப்பில் மேட் பழுப்பு. அதுதான் ஃப்ளாஷ் அழித்த ஆழத்தைத் திரும்பத் தரும். இமை நடுவில் தங்கமோ செம்போ. பெரிய துகள் கிளிட்டர் ஃப்ளாஷில் வெள்ளைப் புள்ளியாகச் சிதறும்.

கண்ணைச் சுற்றி முழுக்க மை இட்டால் நேரில் அழகு, கேமராவில் கண் சுருங்கும். மேல் இமை ரோமத்தின் அடியில் வாட்டர்ப்ரூஃப் ஜெல் மையை நிரப்புங்கள். கீழே வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு போதும். செயற்கை இமை கனமாக இருந்தால் மேலிருந்து வரும் லைட்டில் கண்ணுக்குள் நிழல் விழும். மெல்லியதை எடுத்து, பசை தடவி அரை நிமிடம் விட்டு ஒட்டுங்கள். மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப்தான். தாலி ஏறும்போது கண்ணீர் வரும், ஹோமப் புகையிலும் வரும்.

கன்னம், உதடு

வெளிர் பிங்க் பிளஷ் நம் நிறத்தில் சாம்பலாகும். செங்கல் நிறம், பிளம், அடர் கோரல் எடுங்கள். கண்ணாடியில் சற்றுத் தூக்கலாகத் தெரியும் அளவு, கேமராவில் சரியாக இருக்கும். முகத்தில் நிழல் காட்டும் காண்டூர், தோலைவிட இரண்டு ஷேடு அடர்ந்த, சிவப்பு கலக்காத பழுப்பு. கோடாக நிற்காமல் முழுக்கக் கலந்துவிடுங்கள். ஹைலைட்டர் வெள்ளி வேண்டாம், பொன் நிறம், கன்ன எலும்பில் மட்டும்.

உதட்டின் ஓரம் நம்மில் பலருக்கு நடுவைவிடக் கறுத்திருக்கும். முதலில் அதே கரெக்டரை ஒரு பொட்டு வைத்து நிறத்தைச் சமன்செய்துவிட்டு, பழுப்பு லைனரால் வரைந்து உள்ளே நிரப்புங்கள். சிவப்பில் நீலச் சாயல் உள்ளது பல்லை வெண்மையாகக் காட்டும். ஆரஞ்சுச் சாயல் மஞ்சளாக்கும். ஒரு கோட் போட்டு, டிஷ்யூவை உதட்டில் ஒத்தி, டிஷ்யூ மேலேயே கொஞ்சம் பவுடர் தட்டி, பிறகு இரண்டாவது கோட். பால் பழம் சாப்பிட்டாலும் நிற்கும்.

புகை, குங்குமம், மாலை

எல்லாம் முடிந்ததும் செட்டிங் ஸ்ப்ரேயை ஓரடி தள்ளிப் பிடித்து அடித்து, தானாகக் காய விடுங்கள். பிறகுதான் நெத்திச்சுட்டி, மாலை. சுட்டி உட்காரும் இடத்திலும் ஜிமிக்கி உரசும் இடத்திலும் ஃபவுண்டேஷன் அழிந்து கோடு விழும். அங்கே மெல்லியதாக இருப்பது நல்லது.

தாலி கட்டியதும் வகிட்டில் வைக்கும் குங்குமம் மூக்கிலும் கன்னத்திலும் உதிரும். தேய்த்தால் முகமெல்லாம் சிவப்பு. உலர்ந்த பஞ்சு பிரஷ்ஷால் கீழ் நோக்கித் தட்டிவிட வேண்டும். நாத்தனாரிடமோ தோழியிடமோ இந்த பிரஷ்ஷைக் கொடுத்து, எப்படித் தட்டுவது என்று காட்டிவிட்டு வாருங்கள். வகிட்டில் ஒரு சிட்டிகை போதும் என்று வீட்டுப் பெரியவரிடம் முன்பே சொல்லிவைக்கலாம். கேட்பார்களா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒத்தி எடுத்த பிறகுதான் பவுடர். வியர்வை மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாகும். கண்ணீருக்கு டிஷ்யூவைக் கூராக மடித்து, உள்மூலையில் வைத்து உறிஞ்சுங்கள். டச்-அப் பையில் டிஷ்யூ, பஃப், அதே பவுடர், லிப்ஸ்டிக், இமைப் பசை, பட்ஸ், அந்த பிரஷ் இருந்தால் போதும்.

மாப்பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். நெற்றியும் மூக்கும் மின்னாமல் ஒத்தி எடுத்து, கண்ணடியில் அவர் நிறத்திலேயே துளி கன்சீலர், உதட்டில் பாம். வேண்டாம் என்றுதான் சொல்வார். வீடியோ லைட்டின் முன்னால் ஹோமத் தீப் பக்கத்தில் உட்காரப்போவது அவரும்தான்.

அன்றைக்கே மாலை ரிசப்ஷன் என்றால் காலை மேக்கப் மேல் மாலை மேக்கப்பை ஏற்றாதீர்கள். க்ளென்சிங் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ தடவி முழுக்கக் கரைத்து, ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவி, கொஞ்ச நேரமாவது தூங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ஃபவுண்டேஷன் ஷேடு காலையில் போட்டதுதான். கண்ணையும் உதட்டையும் மட்டும் ஒரு படி அடர்த்தியாக்கினால் மேடையின் கலர் லைட்டுக்குச் சரியாக இருக்கும்.